பொத்தானில் பொறித்த பிறப்பு

கோவை உக்கடத்துப் பழைய சாமான் கடையொன்றிலே, துருப்பிடித்த ஆணிகளுக்கும் உடைந்த பூட்டுகளுக்கும் இடையே, இடுப்புவார்க் கொக்கி ஒன்றைக் கண்டெடுத்தோம். வெண்ணிற உலோகம். இரண்டு வட்டத் தகடுகள். அவற்றை இணைக்கும் நெளிந்த பாம்பு. தகடுகளிலே கயிறு கட்டித் தொங்கும் ஊதுகொம்பு. அதன் தலைக்குமேல் மணிமுடி. கடைக்காரருக்கு அது எடைக்குப் போகும் சரக்கு. நமக்கோ அது ஒரு வரலாற்று ஏடு!

வகுப்பிலே காட்டினோம். “வெள்ளைக்காரனும் நாகத்தைக் கும்பிட்டானா, ஐயா?” என்றான் ஒரு மாணவன். கும்பிடவில்லை. மாட்டவும் கழற்றவும் எளிதான வளைவு அது. விக்டோரியா காலத்துப் படைவார்களிலே பரவலாயிருந்தது. பயன் கருதிச் செய்த கொக்கியிலே புனிதம் தேடுவது நமது நாட்டுப் பழக்கம். சிறுவனைக் குறை கூறுவானேன்!

கொம்புக்கும் கதை உண்டு. ஜெர்மானிய நாடுகளிலே வேட்டைக்காரரையும் வனக்காவலரையும் திரட்டிப் படை அமைத்தனர். அவர்கள் காட்டிலே ஊதிய கொம்பே படையின் குறியீடாயிற்று. வரிசை கலைந்து, மரத்துக்கு மரம் பதுங்கிச் சுடுகிற வீரனுக்கு முரசைவிடக் கொம்பே ஏற்றது என்று கண்ட ஆங்கிலேயர், தம் துப்பாக்கிப் படைகளுக்கும் அதையே இலச்சினையாக்கினர். அதிகாரிகளின் தோள்வாரிலே சிங்கமுகம், அதன் வாயிலிருந்து சங்கிலி, சங்கிலி முனையிலே ஊதல். சிங்கம் திரியாத நாடு இங்கிலாந்து! அரசின் குலச்சின்னத்திலோ சிங்கத்துக்குத் துணையாக ஒற்றைக்கொம்புக் குதிரை. உலகில் எவரும் காணாத விலங்கு. கோயில் தூணில் யாளியைக் கண்ட நமக்கு இது வியப்பளிக்காது. இல்லாத விலங்கை நிறுத்தி, இருக்கிற மனிதனை மிரட்டும் வித்தை இருவருக்கும் பொது.

இந்தச் சின்னங்கள் விண்ணிலிருந்து இறங்கியவை அல்ல. பர்மிங்காம் பட்டறைகளிலே அச்சுவார்ப்பில் அடித்து, ஆயிரக்கணக்கில் கொட்டப்பட்டவை. மணிமுடியின் வளைவைக் கொண்டே காலத்தைக் கணிக்கலாம்: நடுவிலே சற்றுக் குழிந்திருந்தால் விக்டோரியா, மேல்நோக்கி உருண்டிருந்தால் 1901க்குப் பின், எட்வர்டு காலம் முதலான ஆண் அரசர்களின் ஆட்சி. நமது கொக்கியிலே குழிவு இருந்தது.

உலோகத்திலும் உயர்வு தாழ்வு! முழுநேரப் படைக்குப் பெரும்பாலும் பொன்னிறம். தொண்டர் படைக்கு வெள்ளி நிறம். வெள்ளையருக்குள்ளேயே இத்தனை படிக்கட்டு என்றால், அவர்களுக்குக் கீழே நின்றவன் எந்தப் படியில் நின்றிருப்பான்?

தொண்டர் படை என்று எழுதினோமே, அது என்ன? 1859இலே, பிரெஞ்சு மன்னன் மூன்றாம் நெப்போலியன் படையெடுத்து வருவானோ என்ற அச்சத்தில், இங்கிலாந்தின் எழுத்தரும் கடைக்காரரும் தொழிலாளரும் ஓய்வு நேரத்தில் துப்பாக்கி பழகினர். “தற்காப்பே, அறைகூவல் அன்று” என்பது அவர்களது முழக்கம். இங்கே, சென்னையில், அதற்கும் முன்பே 1857இலே வெள்ளையர் தொண்டர் படை எழுந்தது. வடக்கே சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்த ஆண்டு அது. அங்கே தற்காப்பு பிரெஞ்சுக்காரனிடமிருந்து. இங்கே யாரிடமிருந்து? விடையை மாணவர்களே சொல்லிவிட்டனர்.

கொங்கு நாட்டுக்கு வருவோம். 1805இலே சங்ககிரிக் கோட்டையில் தீரன் சின்னமலை தூக்கிலிடப்பட்டான். பின்னர் நம் சமவெளி அடங்கிற்று. மலைமேல் மாளிகைகள் எழுந்தன. கோவை ஆட்சித்தலைவர் ஜான் சல்லிவன் 1819இலே நீலமலை ஏறினார். தோட்டங்கள் வந்தன, அவற்றோடு தோட்ட முதலாளிகள் வந்தனர். 1868 வரை நீலமலை கோவை மாவட்டத்தின் பகுதியே.

1878. இந்த ஆண்டை நினைவில் கொள்க, தோழர்களே! நீலகிரித் தொண்டர் துப்பாக்கிப் படை தொடங்கிய ஆண்டு அது. லிட்டன் பிரபு ஆயுதச் சட்டம் இயற்றிய ஆண்டும் அதுவே. மலைமேலே, தோட்டக்கார வெள்ளையன் கையில் அரசே துப்பாக்கி கொடுத்து, கொம்பும் மணிமுடியும் பொறித்த சீருடை பூட்டி, ஞாயிறும் திங்களும் குறி பார்க்கப் பழக்குகிறது. மலையடிவாரத்திலே, பன்றி விழுந்து பயிரை அழிக்கும் உழவன் பழந்துப்பாக்கி வைத்திருக்க உரிமச் சீட்டுக்குக் கைகட்டி நிற்கிறான். ஐரோப்பியருக்கும் ஆங்கிலோ இந்தியருக்கும் அச்சட்டத்திலிருந்து விலக்கு! எந்த வீரம் செய்து பெற்றனர் விலக்கை? பிறந்தார்கள், அவ்வளவே.

பொத்தானிலே பொறித்திருந்தது மணிமுடி மட்டுமன்று, பிறப்பு. மார்பிலே நூலைக் கண்டதும் எழுந்து நிற்கப் பழக்கப்பட்ட நாட்டுக்கு, மார்பிலே பொத்தானைக் கண்டு எழுந்து நிற்பது கடினமாயிருந்திராது.

எதிர்க்குரல் இல்லாமலில்லை. தொண்டர் படையிலே இந்தியரையும் சேர்க்க வேண்டுமெனக் காங்கிரசு 1886இலே கல்கத்தாவில் தீர்மானித்தது. ஆயுதச் சட்டத்தைத் திருத்துமாறு 1887இலே சென்னையில் கேட்டது. கேட்டது நியாயமே, மறுக்கமாட்டோம். ஆனால் கேட்டோர் பெரும்பாலும் வழக்கறிஞர், நிலக்கிழார். அன்று நம் ஊர்த் தெருவிலே செருப்பணிந்து நடக்கவும் முடியாதவனுக்கு அந்தச் சீருடை கிடைத்திருக்குமா? நமக்கு ஐயமுண்டு.

கதவு திறந்தது 1917இலே. முதல் உலகப்போரிலே ஆள் தேவைப்பட்டபோது. இந்தியத் தற்காப்புப் படை அமைந்தது: ஐரோப்பியருக்குக் கட்டாயம், இந்தியருக்கு விருப்பம், பிரிவுகள் வெவ்வேறு. போர் முடிந்ததும், 1920இலே, ஒன்றுக்கு இரண்டாகச் சட்டம் வந்தது. ஐரோப்பியருக்கும் ஆங்கிலோ இந்தியருக்கும் துணைப்படை. இந்தியருக்கு நாட்டெல்லைப் படை. துப்பாக்கி ஒன்று, அணிவகுப்பு ஒன்று, மணிமுடி ஒன்று. பெயர் மட்டும் இரண்டு. கொங்கு நாட்டுத் தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளை கண்டவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. துணைப்படை 1947இலே கலைந்தது. மலையிலிருந்து இறங்கிய கொக்கிகளும் பொத்தான்களும் உக்கடத்துச் சாக்குமூட்டைகளுக்கு வந்துசேர்ந்தன.