பகுப்பாய்வுக் குக்கி

வலைத்தளத்துக்கு வருபவர் புதியவரா, முன்பே வந்தவரா என்று அறிய உலாவியில் சேமிக்கப்படும் சிறு உரைத்துணுக்கு. குக்கி என்னும் நுட்பத்தை 1994-இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தின் லூ மாண்டுல்லி உருவாக்கினார்.

2005-இல் வெளியான கூகுள் அனலிட்டிக்ஸ் என்னும் வருகைக் கணக்கீட்டுச் சேவை இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. பக்கம் திறந்ததும் அதிலுள்ள ஜாவாஸ்கிரிப்ட் நிரல் ‘_ஜிஏ’ என்னும் குக்கியைத் தேடும். இல்லையென்றால் புதிதாக எழுதும். அதில் பெயரோ முகவரியோ இராது; தற்செயலாக உருவான ஓர் எண்ணும் முதல் வருகையின் நேரமும் இருக்கும். ஒவ்வொரு வருகையிலும் இவை கூகுளின் சர்வருக்குச் சென்று பழைய பதிவுகளோடு சேரும். குக்கியின் இயல்பான ஆயுள் 2 ஆண்டுகள்.

அடையாளம் காணப்படுவது உலாவிதான், ஆள் அல்ல. கைபேசியிலும் கணினியிலும் படிக்கும் ஒருவர் இரண்டு பேராகப் பதிவாவார். ஒரே கணினியைப் பகிரும் குடும்பம் ஒருவராகும். குக்கியை அழித்துவிட்டு வந்தால் மறுபடியும் புதியவர். 2019 முதல் ஆப்பிளின் சஃபாரி உலாவி, நிரல் எழுதும் குக்கிகளின் ஆயுளை 7 நாட்களாகக் குறைத்துவிட்டது. ஆகவே அனலிட்டிக்ஸ் அறிக்கையில் வரும் ‘பயனர்கள்’ எண்ணிக்கையை வாசகர் எண்ணிக்கையாக எடுத்துக்கொள்வது பிழை.

பெயரில்லாத எண் என்பதால் மட்டும் இது தீங்கற்றதாகிவிடாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஜிடிபிஆர் சட்டம் இணையவழி அடையாள எண்களையும் தனிநபர் தரவாகக் கருத இடமளிக்கிறது. இத்தரவு அமெரிக்காவுக்குச் செல்வது சட்டமீறல் என்று 2022-இல் ஆஸ்திரிய, பிரெஞ்சுத் தரவுப் பாதுகாப்பு அமைப்புகள் அறிவித்தன.