சரக்குப் படகுகளின் சுகாதாரமும் டெல்லியின் சட்டங்களும்

டெல்லிக்குத் தெற்கே ஓக்லாவில் யமுனையின் குறுக்கே அணை கட்டி, 1874இல் ஆக்ரா கால்வாயைத் திறந்தார்கள். பாசனமே அதன் முதல் வேலை என்றாலும் சரக்குப் படகுகளும் அதில் ஓடின; மதுராவுக்கும் ஆக்ராவுக்கும் தனிக் கிளைகள் வெட்டப்பட்டன. 1904இல் படகுப் போக்குவரத்து நின்றது.

வட இந்திய நாட்டுப் படகில் சரக்கு அடைத்தது போக மிஞ்சிய இடமே படகோட்டிகளின் வீடு. மூங்கில் பாய்க் கூரையின் கீழ் படுக்கை, ஓரமாக மண் அடுப்பு, கழிப்பறை கிடையாது. குடிப்பதும் குளிப்பதும் பாத்திரம் கழுவுவதும் படகைச் சுற்றியிருந்த தண்ணீரில்தான். கழிவும் அதிலேயே கலந்தது. காலரா பரவ இதைவிட எளிய வழி வேண்டியதில்லை.

அதே காலத்தில் இங்கிலாந்தின் கால்வாய்ப் படகுகளில் குடும்பங்களே குடியிருந்தன. கோல்வில் ஊர் ஜார்ஜ் ஸ்மித் அவர்களுக்காக விடாமல் எழுதிப் போராடியதன் பலனாக 1877இல் கால்வாய்ப் படகுச் சட்டம் வந்தது. குடியிருக்கும் படகுகளை உள்ளாட்சியிடம் பதிய வேண்டும். சுகாதார அலுவலர் ஏறிப் பார்க்கலாம். பன்னிரண்டு வயதைக் கடந்த ஒவ்வொருவருக்கும் அறையில் 60 கன அடி, சிறுவருக்கு 40 கன அடி இடம் வேண்டும் என்று விதிகள் கூறின. குடிநீருக்குத் தனிப் பாத்திரமும் கட்டாயம். படகை ஒரு வீடாகக் கருதியதே இந்தச் சட்டத்தின் பெரிய சாதனை.

நாற்பது ஆண்டுகள் கழித்தும் அந்தப் பார்வை இந்தியாவுக்கு வரவில்லை. ஆண்டவர்களோ அதே பிரிட்டிஷார். தலைநகரம் டெல்லிக்கு மாறிய சில ஆண்டுகளில், 1917இல், உள்நாட்டு நீராவிக் கலங்கள் சட்டம் இயற்றப்பட்டது. கலத்தின் உறுதி, எஞ்சின், சாரங்கு எனப்பட்ட கலமோட்டிகளின் சான்றிதழ், விபத்து விசாரணை, பயணிகளின் பாதுகாப்பு எல்லாம் அதில் இடம்பெற்றன. கலத்திலேயே உண்டு உறங்கிய தொழிலாளியின் தண்ணீரும் கழிப்பறையும் அதன் அக்கறைக்குள் வரவில்லை. துடுப்பாலும் பாயாலும் ஓடிய நாட்டுப் படகுகள் சட்டத்துக்கே வெளியே நின்றன. இது கொடிய புறக்கணிப்பு.

விடுதலைக்குப் பிறகும் அடிப்படை மாறவில்லை. 1986இல் உள்நாட்டு நீர்வழி ஆணையம் அமைந்தது. ஹால்டியாவிலிருந்து அலகாபாத் வரை 1,620 கிலோமீட்டர் கங்கைத் தடம் முதல் தேசிய நீர்வழியானது. இந்தத் தடத்தில் பயணம் நாள்கணக்கில் நீளும். 2018 அக்டோபர் இறுதியில் கொல்கத்தாவிலிருந்து கிளம்பிய ‘ரவீந்திரநாத் தாகூர்’ கண்டெய்னர் கலம் நவம்பர் 12 அன்றுதான் வாராணசியில் வரவேற்கப்பட்டது. அத்தனை நாளும் கலமே மாலுமிகளின் வீடு. 2015இல் இந்தியா ஏற்ற கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை குடியிருப்பு, உணவு, சுகாதாரம் பற்றி விரிவாகப் பேசினாலும், ஆற்றில் மட்டும் ஓடும் கலங்களுக்குப் பொருந்தாது.

2021இல் நாடாளுமன்றம் பழைய 1917 சட்டத்தை நீக்கிப் புதிய உள்நாட்டுக் கலங்கள் சட்டத்தை நிறைவேற்றியது. சாக்கடைக் கழிவையும் குப்பையையும் நீரில் கொட்டுவது இப்போது சட்டப்படி கட்டுப்படுத்தப்படுகிறது. மாசுத் தடுப்புச் சான்றிதழ் வேண்டும். கழிவைப் பெற்றுக்கொள்ளும் வசதி துறைகளிலும் முனையங்களிலும் இருக்க வேண்டும். கழிவுத் தொட்டி இல்லாமல் இனி ஒரு சரக்குக் கலத்தை முறையாக ஓட்டுவது கடினம். ஆற்றைக் காக்க வந்த விதிகள் இவை. ஆனாலும் அந்த ஆற்றுநீரை நம்பி வாழும் மாலுமிக்கே முதல் பயன். எஞ்சின் இல்லாத படகுகளும் இச்சட்டத்தில் இடம்பெற்றுள்ளன. அவற்றைப் பதியும் பொறுப்பை மாநில அரசுகள் உள்ளாட்சிகளிடம் விடலாம்.