கிளைச் சில்லும் மண் வளமும்



2016-ஆம் ஆண்டு டிசம்பர் 12-ஆம் நாள் வார்தா புயல் சென்னையைத் தாக்கியது. எங்கள் தெருவில் வீழ்ந்த மரங்களின் கிளைகள் பல நாள் குவிந்து கிடந்தன. சிலர் அவற்றைத் தீயிட்டனர். என் வீட்டுப் பூவரசை எரிக்க எனக்கு மனம் வரவில்லை. அதன் பருத்த கிளைகளைக் கோடரியாலும் அரிவாளாலும் சில்லுகளாகத் தறித்தேன். மரமும் மக்கினால் எருதானே என்றெண்ணி, அவற்றிற் பாதியைத் தோட்டத்து மண்ணோடு கொத்திக் கலந்தேன். தையில் நட்ட கத்தரி நாற்றுகள் மாசியில் மஞ்சள் நிறமெய்தின; பங்குனிக்குள் பட்டுப்போயின.

எருவென்று நான் இட்டது பயிரைக் கொன்றது ஏன்? அவ்வினாவே இவ்வரலாற்றை நாடிச் செல்ல என்னைத் தூண்டியது.

மரத்தில் கரிமம் மிகுதி. தழைச்சத்தோ மிகக் குறைவு. மரத்தை மக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் தமக்கு வேண்டிய தழைச்சத்தைச் சுற்றியுள்ள மண்ணிலிருந்தே எடுத்துக் கொள்கின்றன. ஆகவே, அப்பணி முடியும்வரை பயிர் பட்டினி கிடக்கிறது. என் நாற்றுகளுக்கு நேர்ந்தது இதுவே.

இச்சிக்கலை நம் நாட்டிலேயே எதிர்கொண்டவர் ஆல்பர்ட் ஹோவர்டு என்னும் ஆங்கிலேய அறிஞர். 1905-இல் இந்தியா வந்த அவர், 1924 முதல் 1931 வரை இந்தூரில் பயிராராய்ச்சி நிலையத்தை நடத்தினார். அது கரிசல் நிலம். பருத்தி விளையும் பூமி. அங்கே பருத்திமாரும் துவரைமாரும் ஏராளமாகக் கிடைத்தன. ஆனால், கட்டை போன்ற அத்தண்டுகள் எளிதில் மக்குவதில்லை. ஹோவர்டு என்ன செய்தார்? அவற்றைப் பண்ணைப் பாதைகளில் பரப்பச் செய்தார். போகும் வண்டிகளின் சக்கரங்களும் மாடுகளின் குளம்புகளும் அவற்றை நொறுக்கின. எவ்வளவு எளிய இயந்திரம் பாருங்கள்! நொறுங்கியதைத் தொழுவத்தில் மாடுகளுக்குப் படுக்கையாக விரித்தார். கோமியத்தில் ஊறியபோது, மரத்தில் இல்லாத தழைச்சத்து அதனுள் புகுந்தது. அதன் பின்னரே அது எருக்குழிக்குச் சென்றது. இம்முறையை அவரும் யஷ்வந்த் வாத் என்னும் இந்திய அறிஞரும் 1931-இல் நூலாக வெளியிட்டனர்.

பசித்த மரத்துக்கு முதலில் உணவளித்து, பிறகு நிலத்திலிடுவது இந்தூர் வழி. பின்னொரு காலத்தில் கனடா நாட்டின் கியூபெக் மாநிலத்தில் வேறொரு வழி பிறந்தது. 1970-களில் அங்கே எட்கர் கே என்பவரும் அவருடைய தோழர்களும், கழிவென ஒதுக்கப்பட்ட கிளைகளைச் சில்லுகளாக்கி வயல்களில் இட்டுப் பார்த்தனர். லாவால் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜீல் லெமியூ அவ்வாராய்ச்சியை வளர்த்தார். அவர்கள் வகுத்த விதி எளிது: 7 சென்டிமீட்டருக்கு உட்பட்ட குறுக்களவுள்ள இளங்கிளைகளே வேண்டும். அடிமரத்தைவிட இளங்கிளையின் பட்டையிலும் மொட்டிலும் சத்து மிகுதி. அச்சில்லுகளை இலையுதிர்காலத்தில் பரப்பி, மேல்மண்ணில் மட்டும் இலேசாகக் கலந்தனர். அடுத்த விதைப்புக்குள் பூஞ்சைகள் தம் வேலையைத் தொடங்கிவிடும். காட்டில் உதிர்ந்த சுள்ளியை மண்ணாக்குவதும் அவைதாமே?

மாணவ நண்பர்களே, இவ்விரு வழிகளையும் என் தவற்றையும் ஒப்பிட்டுப் பாருங்கள். நான் பருத்த கட்டையை வெட்டினேன். அதை வேர் ஓடும் ஆழத்தில் புதைத்தேன். காத்திராமல் நாற்றும் நட்டேன். காடு இம்மூன்றில் எதையுமே செய்வதில்லை.

எஞ்சிய சில்லுகளை அவ்வாண்டுக் கோடையில் ஒரு முருங்கையைச் சுற்றி, அடித்தண்டில் படாமல் ஒரு சாண் விலக்கி, நான்கு விரற்கடை கனத்துக்கு மூடாக்காகப் பரப்பினேன். மண்ணின் மேலேயே கிடக்கும் சில்லு, அடியிலுள்ள வேரின் உணவைப் பறிப்பதில்லை; வெயிலைத் தடுத்து ஈரத்தைக் காக்கிறது. நாள்தோறும் நீர் கேட்ட அந்தப் பாத்திக்கு மூன்று நாளுக்கு ஒரு முறை ஊற்றுவதே போதுமாயிற்று. மறு ஆண்டு மூடாக்கை விலக்கிப் பார்த்தேன். கீழே வெண்ணிறப் பூஞ்சை இழைகளும் மண்புழுக்களும் நிறைந்திருந்தன.

இனியொரு புயல் வரும். கிளைகள் மீண்டும் தெருவில் குவியும். அப்போது தீப்பெட்டியைத் தேடுமுன், பருத்திமாரைச் சக்கரத்தின் கீழ் விரித்த அந்த இந்தூர்ப் பாதையைச் சற்று நினைத்துக் கொள்ளுங்கள்.