சட்டாம்பிள்ளை எழும்பூர் வழியாக லண்டன் போன கதை

கொஞ்சம் நீண்ட பதிவு. பௌர்ணமிக் கூட்டம் ஓய்ந்தபின் பொறுமையாகப் படியுங்கள்.

போன மாதம் பெங்களூரிலிருந்து என் பழைய மாணவி ஒருத்தி பேசினாள். மகனுக்காக ஒரு படிப்புச் செயலிக்குப் பணம் கட்டியிருக்கிறாளாம். "அவன் வேகத்துக்குத் தக்கபடி அதுவே பாடம் கொடுக்குது சார். தப்புப் பண்ணினா அதையே திரும்பக் கேக்குது. ஆனா காதுல மாட்டிக்கிட்டு உக்காந்தா யாரோடயும் பேசறதில்ல. இது நல்லதா சார்?" என்றாள். நல்ல கேள்வி. ஆளுக்கொரு பாடம் வேண்டும், கூடிப் படிக்கவும் வேண்டும், இரண்டும் ஒன்றாக நடக்குமா என்பது கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பே நம் ஊர்த் திண்ணையில் எழுந்த கேள்விதான்.

மாட வீதிகளிலும் பே கோபுரத் தெருவிலும் திண்ணை வைத்த வீடுகள் இன்று அபூர்வம். லாட்ஜும் கடையும் ஆகிவிட்டன. அந்தக் காலத்துத் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என்ற பேச்சே கிடையாது. ஒருவன் மணலில் விரலால் எழுதிக்கொண்டிருப்பான். அடுத்தவன் எண்சுவடியை மனப்பாடம் செய்வான். பெரியவன் எழுத்தாணியோடு ஓலையில் நிகண்டு எழுதுவான். கையிலிருக்கும் சுவடி முடிந்தால்தான் அடுத்த சுவடி. அதற்கு மூன்று மாதம் ஆகலாம், ஒரு வருஷமும் ஆகலாம்.

இத்தனை பேருக்கு இத்தனை பாடம் என்றால் ஒரே வாத்தியார் எப்படிச் சமாளித்தார்? அங்கேதான் சட்டாம்பிள்ளை வருகிறான். நன்றாகப் படிக்கும் பெரிய பையன் சின்னவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பான், பாடம் ஒப்பிக்கச் சொல்லிக் கேட்பான். 1823இல் பெல்லாரி கலெக்டர் காம்ப்பெல் அரசுக்கு எழுதிய அறிக்கையில் இந்த முறையை மெச்சியிருக்கிறார். முன்னேறியவன் பின்தங்கியவனுக்குக் கற்பிக்கும்போது அவனுடைய அறிவும் உறுதிப்படுகிறது, இங்கிலாந்து இதைப் பார்த்துப் பின்பற்றியது தகும் என்பது அவர் கருத்து.

கவர்னர் தாமஸ் மன்றோ 1822இல் தொடங்கிய கணக்கெடுப்புக்காக எழுதப்பட்ட அறிக்கை அது. சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகள், 1,88,650 பிள்ளைகள் என்று கணக்கு வந்தது. அதில் பெண் குழந்தைகள் வெறும் 4,540 பேர். ஒடுக்கப்பட்ட வீட்டுப் பிள்ளைகளுக்குப் பல ஊர்களில் அந்தத் திண்ணையில் இடமே இல்லை. பழம்பெருமை பேசுகிறவர்கள் முதல் இரண்டு எண்களோடு நிறுத்திவிடுவார்கள். நான் மூன்றாவதையும் சேர்த்தே சொல்வேன்.

சரி, இங்கிலாந்து எதைப் பின்பற்றியது? ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் 1787இல் சென்னைக்கு வந்தார். 1789இல் எழும்பூரில் சிப்பாய்களின் பிள்ளைகளுக்கான அநாதை விடுதியின் பொறுப்பை ஏற்றார். ஒருநாள் நம் நாட்டுப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைக் கண்டார். தம் விடுதியிலும் அப்படியே செய்யச் சொன்னார். அங்கிருந்த ஆசிரியர் மசியவில்லை. பெல் சளைக்காமல் ஜான் ஃப்ரிஸ்கென் என்ற எட்டு வயதுப் பையனிடம் வகுப்பை ஒப்படைத்தார். பெரியவர் செய்யாததைப் பையன் செய்து காட்டினான்!

1797இல் பெல் இதைப் புத்தகமாக லண்டனில் வெளியிட்டார். ஜோசப் லங்காஸ்டர் என்பவரும் இதே வழியில் பள்ளி நடத்த, யார் முதலில் கண்டுபிடித்தது என்று இருவர் ஆட்களுக்கும் பெரிய சண்டை. (திண்ணை வாத்தியாரை யாரும் பஞ்சாயத்துக்குக் கூப்பிடவில்லை.) 'மெட்ராஸ் முறை' என்ற பெயரோடு அது பல நாடுகளுக்குப் பரவியது. பெல் விட்டுச்சென்ற பணத்தில் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் 1833இல் திறந்த பள்ளிக்கு இன்றும் 'மெட்ராஸ் காலேஜ்' என்றுதான் பெயர்.

ஆனால் கப்பலேறிய சரக்கில் பாதி வழியிலேயே தொலைந்துபோனது என்பது என் அபிப்பிராயம். ஒரே கூடத்தில் நூற்றுக்கணக்கான பிள்ளைகள், ஒரே ஆசிரியர், செலவு குறைவு என்பதுதான் அங்கே பெரிதாகப் பேசப்பட்டது. சட்டாம்பிள்ளை முன்னால் நிற்க, வரிசையாக நின்று ஒரே பாடத்தை ஒப்பித்தார்கள். அவனவன் பாடம் என்ற விஷயம் மங்கிவிட்டது. வகுப்பு, மானியம், ஆண்டுத் தேர்வு என்று நம் ஊரிலும் அது மறைந்தது.

தமிழ்நாட்டில் அது திரும்பி வந்ததை நான் கண்ணாலேயே பார்த்தேன். ஆந்திராவின் ரிஷிவேலி கிராமப் பள்ளிகளில் பாடத்தை அட்டைகளாகப் பிரித்து ஏணிபோல் அடுக்கும் முறையை உருவாக்கியிருந்தார்கள். அதிலிருந்து பிறந்த செயல்வழிக் கற்றலை, சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார் 2003இல் 13 பள்ளிகளில் தொடங்கிவைத்தார். 2007இல் அது மாநிலம் முழுவதும் ஒன்று முதல் நான்கு வகுப்புகளுக்கு வந்தது. என்னிடம் அந்த வருடங்களில் படித்தவர்களுக்குத் தட்டும் அட்டையும் சுவரின் அடியில் ஆளுக்கொரு கரும்பலகைப் பகுதியும் நினைவிருக்கும். பிள்ளை ஏணிப்படியில் தன் இடத்தைப் பார்த்து, தன் அட்டையை எடுத்துக்கொண்டு, அதற்குரிய குழுவில் போய் உட்காரும். ஆசிரியர் உதவியோடு ஒரு குழு, சக மாணவர் உதவியோடு ஒரு குழு, தானே படிக்க ஒரு குழு, மதிப்பீட்டுக்கு ஒன்று. பத்து நாள் வராத பிள்ளை திரும்பி வந்தாலும் விட்ட அட்டையிலிருந்தே தொடங்கலாம். கரும்பு வெட்டும் காலத்தில் பெற்றோரோடு போய்விடும் பிள்ளைகளுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது கிராமத்து ஆசிரியருக்குத்தான் தெரியும். அட்டை கிழிந்தால் மாற்று வராது, பதிவேடு எழுதியே கை ஓயும், அதுவும் உண்மை.

இனி கம்ப்யூட்டருக்கு வருகிறேன். 1999இல் டெல்லியில் குடிசைப் பகுதிச் சுவரில் கணினி பதித்தாரே சுகதா மித்ரா, அவர் பிறகு காளிக்குப்பம் என்ற தமிழ்க் கிராமத்துக்கு வந்தார். ஆங்கிலத்தில் இருந்த உயிரித்தொழில்நுட்பப் பாடங்களைக் கணினியில் போட்டு, 26 பிள்ளைகளிடம் விட்டுப் போனார். ஆசிரியர் இல்லை. இரண்டு மாதம் கழித்துத் தேர்வு வைத்தால், பூஜ்யத்திலிருந்து 30 சதவீதம்! பிறகு அவர்களோடு பழகிய ஓர் இளம்பெண்ணை அழைத்தார். அவர் கணக்கு எழுதும் வேலை பார்த்தவர், பாடம் தெரியாது. "பின்னால் நின்று பாட்டி மாதிரி வியந்து பாருங்கள், போதும்" என்றார். இன்னும் இரண்டு மாதத்தில் 50 சதவீதம். டெல்லியின் வசதியான பள்ளி மாணவர்கள் எடுத்த அளவு அது. 2010இல் இதை ஆய்வுக் கட்டுரையாகவும் வெளியிட்டார்கள். 26 பிள்ளைகளை வைத்து உலகத்துக்கே முடிவு சொல்ல முடியுமா என்று கேட்டவர்கள் உண்டு. எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு. ஆனால் அங்கே ஆளுக்கொரு கணினி கொடுக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். ஒரு திரையைச் சுற்றி ஒரு கூட்டம். ஒருத்திக்குப் புரிந்ததை இன்னொருவனுக்குச் சொன்னாள்.

2020 மார்ச்சில் பள்ளிகள் மூடியபோது நம் தெருவில் நடந்ததும் இதேதான். கல்வித் தொலைக்காட்சி இருந்தது, பாடப் புத்தகத்தில் க்யூஆர் குறியீடு இருந்தது. நான்கு வீட்டுக்கு ஒரு நல்ல போன். எதிர் வீட்டு வாசற்படியில் ஐந்து பிள்ளைகள் அந்த ஒரு போனைச் சுற்றி உட்காருவார்கள். எட்டாவது படிக்கும் பெண் வீடியோவை நிறுத்தி நிறுத்தி மற்றவர்களுக்கு விளக்குவாள். அசல் சட்டாம்பிள்ளை! ஜவ்வாது மலையில் டவர் கிடைக்காத ஊர்களுக்கு இந்த வசதியும் இல்லை. ஒன்று முதல் எட்டு வரை 2021 நவம்பர் 1 அன்றுதான் பள்ளி திறந்தது. அந்தச் சமயத்தில் மாநிலம் முழுக்க வந்த 'இல்லம் தேடிக் கல்வி'யில் தன்னார்வலர்கள் மாலையில் தெருவிலும் வீட்டு முற்றத்திலும் பிள்ளைகளைக் கூட்டிவைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். 2022இல் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளையின் நிலைக்கேற்ற பாடம்.

பெங்களூர் மாணவிக்கு என் யோசனை இதுதான்: செயலியை நிறுத்த வேண்டாம். அதே அடுக்ககத்தில் அதே வயதுப் பிள்ளைகள் இரண்டு பேரை வாரம் மூன்று நாள் கூப்பிடு. காதில் மாட்டுவதைக் கழற்றிவிடு. முதலில் தனியாகச் செய்யட்டும், சிக்கும் கணக்கை மட்டும் மூவரும் சேர்ந்து போடட்டும். உனக்குக் கணக்கு வராவிட்டாலும் பரவாயில்லை, பின்னால் நின்று பார்.

உறவினர்களுக்கு ஒரு வேண்டுகோள். செங்கம், போளூர், கலசப்பாக்கம் பக்கத்து வீடுகளில் தாத்தா காலத்து எண்சுவடி ஏடோ எழுத்தாணியோ பரணில் கிடந்தால் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். ஏட்டை ஈரத்துணியால் மட்டும் துடைத்துவிடாதீர்கள்.