'எவனாவது' வந்த வழி: எபிரெயர் 10:38-உம் ஆடம் கிளார்க்கின் குற்றச்சாட்டும்

ஜேம்ஸ் மன்னர் வேதாகமத்தின் இன்றைய ஆங்கிலப் பதிப்புகளில் எபிரெயர் நிருபம் 10ஆம் அதிகாரத்தின் 38ஆம் வசனத்தை எடுத்துப் பார்த்தால், இரண்டு சொற்கள் மட்டும் சாய்வெழுத்தில் இருக்கும். தமிழில் அவற்றை 'எவனாவது' என்று ஒரே சொல்லில் சொல்லிவிடலாம். கிரேக்க மூலத்தில் அதற்கு நேரான சொல் கிடையாது, மொழிபெயர்த்தவர்கள் சேர்த்தது என்பதற்கு அந்தச் சாய்வெழுத்தே அடையாளம்.

வசனத்தின் முற்பகுதி நீதிமான் விசுவாசத்தால் பிழைப்பதைச் சொல்கிறது. பிற்பகுதி, பின்வாங்குகிறவன்மேல் தேவனுக்குப் பிரியமில்லை என்கிறது. பின்வாங்குகிறவன் யார்? 'அவன்' என்று எழுதினால் அந்த நீதிமானே பின்வாங்கக்கூடும் என்று பொருள்படும். 'எவனாவது' என்று எழுதினால் நீதிமான் தப்பிவிடுகிறான்; விழுகிறவன் வேறு யாரோ ஆகிவிடுகிறான். மெய்யாக விசுவாசித்தவன் முடிவுவரை நிலைநிற்பான், அவனைத் தேவனே காப்பார் என்று கால்வின் வழியினர் போதித்தார்கள். விசுவாசி விழுந்து கெட்டுப்போகவும் கூடும் என்று அர்மினியஸ் வழியினர் எச்சரித்தார்கள். இரு தரப்புக்கும் இந்த ஒரு சொல் உயிர்நாடியாயிற்று.

சேர்க்கப்பட்ட சொல்லை வன்மையாகக் கண்டித்தவர் அயர்லாந்தில் பிறந்த மெதடிஸ்ட் அறிஞர் ஆடம் கிளார்க். 1810இல் வெளிவரத் தொடங்கி 1826இல் நிறைவடைந்த அவருடைய வேதாகம விளக்கவுரை, 19ஆம் நூற்றாண்டுப் பிரசங்கியார்களின் மேசைகளில் நீங்காத இடம் பெற்றிருந்தது. இந்த வசனத்துக்கு அவர் எழுதிய குறிப்பை நிதானமாக வாசிக்க வேண்டும். முதலில், ஒரு குறிப்பிட்ட கொள்கைக்கு உதவுவதற்காக அந்தச் சொற்கள் நுழைக்கப்பட்டிருந்தால் அது தேவ வார்த்தையைப் பொல்லாத விதமாகப் புரட்டுவதாகும் என்கிறார். இங்கே 'இருந்தால்' என்ற நிபந்தனை இருக்கிறது. அடுத்த வாக்கியத்திலேயே அதைக் காணோம். நீதிமானை வீழ்ச்சியிலிருந்து விலக்கி, இறுதிவரை நிலைநிற்கும் கோட்பாட்டைக் காப்பாற்றவே அவை சேர்க்கப்பட்டன என்பது வெளிப்படை என்று முடித்துவிடுகிறார். ஐயமாகத் தொடங்கியது இரண்டே வாக்கியங்களில் தீர்ப்பாகிவிட்டது. பின்னால் வந்தவர்கள் அந்தத் தீர்ப்போடு ஜெனீவாவின் தியடோர் பெசா பெயரையும் சேர்த்துக்கொண்டார்கள். திருத்திய குற்றவாளி பெசா, வாங்கிப் பரப்பியவர்கள் ஜேம்ஸ் மன்னரின் மொழிபெயர்ப்பாளர்கள் என்பது பலருக்குக் கேள்விக்கு இடமில்லாத வரலாறாகவே பதிந்துபோயிற்று.

கிளார்க் சொன்னவற்றில் பாதி சரி. அந்தப் பாதியை முதலில் ஒப்புக்கொள்வதே முறை. கிரேக்க வாக்கியத்தில் 'நீதிமான்' என்ற எழுவாய் வந்து, அவன் பிழைப்பான் என்ற வினை முடிந்து, புதிய எழுவாய் எதுவும் வராமலே 'பின்வாங்கினால்' என்ற வினை தொடர்கிறது. இயல்பாக வாசிக்கிறவர் அதை நீதிமானோடுதான் சேர்ப்பார். ஜான் வெஸ்லி 1751இல் பரிசுத்தவான்களின் நிலைநிற்றலைப் பற்றி எழுதிய சிறுநூலில் இதை எடுத்துக்காட்டினார். 1755இல் வெளியிட்ட புதிய ஏற்பாட்டிலும் 'அவன்' என்றே பெயர்த்தார். இலக்கணத்தைப் பொறுத்தவரை வெஸ்லி பக்கமே வலுவானது. கிளார்க் அங்கே நிற்கவில்லை. இலக்கணப் பிழை ஒன்றைக் காட்டியவர், அதிலிருந்து மனிதரின் உள்நோக்கத்துக்குத் தாவிவிட்டார். சிக்கல் அந்தத் தாவலில்தான் இருக்கிறது.

ஆங்கில மொழிபெயர்ப்புகளை வரிசையாக வைத்தால் மேலோட்டமாகக் கிளார்க்குக்குச் சாதகமான படமே கிடைக்கும். டின்டேல் 'அவன்' என்றார். 1568ஆம் ஆண்டின் ஆயர்கள் வேதாகமமும் அதையே வைத்தது. கத்தோலிக்கரின் 1582ஆம் ஆண்டு ரைம்ஸ் புதிய ஏற்பாடு, லத்தீன் வுல்காத்தாவைப் பின்பற்றி, அதே வழியில் போயிற்று. கால்வினின் நகரில் உருவான ஜெனீவா வேதாகமத்தில்தான் 'எவனாவது' வருகிறது. அதே நகரில் பெசா 1556–57இல் வெளியிட்ட லத்தீன் புதிய ஏற்பாட்டிலும் அதே பொருளுள்ள லத்தீன் சொல் உண்டு. 1611இல் ஜேம்ஸ் மன்னரின் குழு ஆயர்கள் வேதாகமத்தை விட்டு ஜெனீவாவின் பக்கம் சாய்ந்தது. கொள்கை மொழிபெயர்ப்பைக் கெடுத்தது என்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும் என்று கேட்கத் தோன்றும்.

இந்த வரிசை ஆங்கிலத்தோடு நின்றுவிடுவதுதான் அதன் குறை.

ஜெர்மன் மொழியில் மார்ட்டின் லூத்தரின் வேதாகமத்தைத் திறந்தால், அவர் இறப்பதற்கு முந்தைய ஆண்டான 1545இல் வெளிவந்த பதிப்பிலேயே இந்த இடத்தில் 'பின்வாங்குகிறவன் எவனோ' என்ற பொருளில் பொதுவான எழுவாய் நிற்கிறது. பெசாவின் நூல் வெளிவர அப்போது இன்னும் பத்தாண்டுகளுக்கு மேல் இருந்தது. லூத்தருக்குக் காக்கவேண்டிய நிலைநிற்றல் கோட்பாடும் இல்லை. 1530ஆம் ஆண்டின் ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கை, ஒருமுறை நீதிமானானவன் பரிசுத்த ஆவியை இழக்க முடியாது என்று சொல்கிறவர்களைத் தன் 12ஆம் பிரிவில் வெளிப்படையாகவே கண்டிக்கிறது. விசுவாசி விழக்கூடும் என்று ஆணித்தரமாகப் போதித்த சபையின் தலைவரே, விழுகிறவனை நீதிமானிடமிருந்து பிரித்து எழுதியிருக்கிறார். கிளார்க்கின் வாதத்தில் இந்தச் சாட்சிக்கு இடமே இல்லை. லூத்தரைப் பெசா பின்பற்றினார் என்று இக்கட்டுரை சொல்லவில்லை. அதற்கு ஆதாரம் கிடையாது. அந்த வாசிப்பு பிறக்கக் கால்வினின் கொள்கை தேவைப்படவில்லை என்பதே இங்கே சொல்லப்படுவது.

அப்படியானால் அது எங்கிருந்து பிறந்தது? நிருபத்தை எழுதியவர் ஆபகூக் தீர்க்கதரிசியின் 2ஆம் அதிகாரம் 4ஆம் வசனத்தை மேற்கோள் காட்டுகிறார். எபிரெய மூலத்தில் அங்கே இரண்டு மனிதர்கள் நிற்கிறார்கள். அகந்தையால் உள்ளம் புடைத்தவன் ஒருவன். தன் விசுவாசத்தால் பிழைக்கும் நீதிமான் மற்றவன். செப்துவஜிந்து என்ற பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில் அகந்தைக்காரன் பின்வாங்குகிறவனாக மாறிவிடுகிறான். ஆனாலும் அவன் முதலில் வருகிறான், நீதிமான் பிறகுதான் வருகிறான். இருவரும் இருவராகவே இருக்கிறார்கள். நிருபத்தின் ஆசிரியர் இந்த இரு பாதிகளையும் இடம் மாற்றி நீதிமானை முன்னே கொண்டுவந்தார். இரண்டு மனிதர்களைப் பற்றிய வாக்கியம் ஒருவனைப் பற்றியதாக ஒலிக்கத் தொடங்கியது அந்த இடமாற்றத்தால்தான். தீர்க்கதரிசியின் புத்தகத்தைப் பக்கத்தில் விரித்துவைத்து மொழிபெயர்க்கிற எவருக்கும், அங்கே இருக்கும் இரண்டாம் மனிதனை இங்கேயும் எழுவாயாகக் கொண்டுவரத் தோன்றும். மூலத்துக்கு உண்மையாக இருக்க எடுத்த முயற்சியே, நிருப ஆசிரியர் வேண்டுமென்றே செய்த மாற்றத்தை அழித்துவிட்டது. இது தவறுதான். ஆயினும் மோசடி என்பது வேறு.

இந்த வசனத்தில் இன்னொரு சிறு சொல்லும் நிலைகொள்ளாமல் அலைந்திருக்கிறது. 'எவனாவது' பற்றி இவ்வளவு வாதாடியவர்கள் அதைப் போதுமான அளவு கவனிக்கவில்லை. 'என்' என்பது அந்தச் சொல்.

எகிப்தில் கிடைத்து, 1930களில் செஸ்டர் பீட்டி தொகுப்பின் வழியாக உலகறிந்த பாப்பிரஸ் 46இல், எபிரெயர் நிருபம் ரோமருக்கு அடுத்தே வருகிறது. அதில் இந்த வசனம் 'என் நீதிமான்' என்று வாசிக்கிறது. சினாய், அலெக்சாந்திரியக் கையெழுத்துச் சுவடிகளும் அப்படியே. ஆக்ஸிரிங்கஸ் குப்பைமேடுகளில் கிரென்ஃபெல்லும் ஹன்ட்டும் கண்டெடுத்து 1904இல் பதிப்பித்த பாப்பிரஸ் 13இல் அந்த 'என்' இல்லை. இது யாரோ ஒரு பழைய வாசகர் மறுபயன் செய்த சுருள். ஒரு பக்கத்தில் ரோம வரலாற்றாசிரியர் லிவியின் நூற்சுருக்கம் லத்தீனில் இருக்கிறது. அதன் பின்புறத்தில் எபிரெயர் நிருபம் கிரேக்கத்தில் எழுதப்பட்டிருக்கிறது. இந்த இரண்டு பாப்பிரஸ்களின் காலமும் எழுத்தின் உருவத்தை வைத்தே கணிக்கப்படுகிறது. பாப்பிரஸ் 46ஐப் பெரும்பாலோர் கி.பி. 200ஐ ஒட்டி வைக்கிறார்கள். அதை முதல் நூற்றாண்டுக்கே கொண்டுபோகும் முயற்சி ஏற்பைப் பெறவில்லை. பாப்பிரஸ் 13 மூன்றாம் நூற்றாண்டா நான்காம் நூற்றாண்டா என்பது இன்னும் முடிவாகவில்லை. ஆகையால் இரண்டில் எது முந்தியது என்பதை மட்டும் வைத்து 'என்' என்பதைச் சேர்க்கவோ நீக்கவோ முடியாது.

மூன்றாவது சாட்சி பெசாவின் கையிலேயே இருந்தது. கிளரமாண்டனஸ் என்று பெயர்பெற்ற கிரேக்க–லத்தீன் இருமொழிச் சுவடி அவருடைய உடைமை. இப்போது அது பாரிஸில் இருக்கிறது. அதன் முதல் கை, அதாவது திருத்தங்களுக்கு முந்தைய எழுத்து, 'என்' என்பதை நீதிமானுக்குப் பின்னால் வைக்காமல் விசுவாசத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறது. செப்துவஜிந்தின் முக்கியச் சுவடிகள் சிலவும் இப்படித்தான். ஒரு சின்னஞ்சிறு சொல் நீதிமானோடும் விசுவாசத்தோடும் மாறிமாறி நிற்பதும் சில இடங்களில் இல்லாமலே போவதும், ஆபகூக்கின் கிரேக்க உருவம் படியெடுத்தவர்களின் நினைவில் ஓயாமல் குறுக்கிட்டது என்பதற்குச் சான்று. தீர்க்கதரிசியின் வாக்கியம் நிருபத்தின் வாக்கியத்துக்குள் புகுவது பெசாவுக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது. அவருடைய 'எவனாவது' அதே பழைய இழுப்பின் கடைசிச் சுற்று என்று கொள்வதே பொருத்தம். 'என் நீதிமான்' என்ற பாடம் சரியாக இருந்தால், தேவன் தம்முடையவன் என்று உரிமையோடு அழைத்தவனையே 'பின்வாங்கினால்' என்று எச்சரிக்கிறார் என்றாகும். அப்போது வெஸ்லியின் வாசிப்பு அவர் நினைத்ததைவிடக் கூர்மையாகிறது.

இனி 1611. இங்கே ஆதாரம் மெலிது. அதனாலேயே கவனமாக அடியெடுத்து வைக்க வேண்டும். புதிய மொழிபெயர்ப்புக்கு வித்திட்ட ஹாம்ப்டன் கோர்ட் மாநாடு 1604 ஜனவரியில் நடந்தது. ஆண்டுப் பிறப்பை மார்ச்சில் வைத்த அக்கால ஆங்கிலக் கணக்கில் அது 1603. 16ஆம் தேதி பியூரிட்டன் தரப்பின் ஜான் ரெனால்ட்ஸ் அரசர் முன் வைத்த விண்ணப்பங்களில் இரண்டு இங்கே முக்கியம். கிருபையிலிருந்து விலகக்கூடும் என்று சொல்லும், இங்கிலாந்துச் சபை விசுவாசப் பிரிவுகளில் 16ஆம் பிரிவோடு, அந்த விலகல் முழுமையானதோ இறுதியானதோ அல்ல என்ற தெளிவுரையைச் சேர்க்க வேண்டும் என்பது ஒன்று. வேதாகமத்தைப் புதிதாக மொழிபெயர்க்க வேண்டும் என்பது மற்றொன்று. முதலாவதை எதிர்த்து, எப்படியும் இரட்சிக்கப்படுவேன் என்ற துணிச்சலில் மக்கள் ஒழுக்கத்தைக் கைவிடுவார்கள் என்று ஆயர் பான்கிராஃப்ட் வாதிட்டார். அது நிறைவேறவில்லை. இரண்டாவது நிறைவேறியது.

நிலைநிற்றல் கோட்பாட்டைச் சபைச் சட்டத்துக்குள் கொண்டுவர மறுத்த அதே பான்கிராஃப்ட்தான் மொழிபெயர்ப்பு விதிகளை வகுத்தளித்தவர். ஆயர்கள் வேதாகமத்தை இயன்றவரை மாற்றாதிருக்க வேண்டும். மூலத்துக்கு நெருக்கமாக இருந்தால் ஜெனீவா உள்ளிட்ட முந்தைய மொழிபெயர்ப்புகளை எடுத்துக்கொள்ளலாம் என்பது விதி. மாநாட்டின் நடவடிக்கைகளை எழுதி வெளியிட்ட வில்லியம் பார்லோதான் நிருபங்களை மொழிபெயர்த்த வெஸ்ட்மின்ஸ்டர் குழுவின் தலைவர். ரெனால்ட்ஸின் கோரிக்கை மறுக்கப்பட்டதை நேரில் கண்டு பதிவுசெய்தவர் அவர். ரெனால்ட்ஸோ ஆக்ஸ்போர்டில் தீர்க்கதரிசிகளின் நூல்களோடு இருந்தார். மறுக்கப்பட்ட கோட்பாட்டைப் பார்லோவின் குழு கள்ளத்தனமாக ஒரு சொல்லில் ஒளித்து நுழைத்தது என்று சொல்ல, கிளார்க்கின் 'வெளிப்படை' போதாது. குழுவில் கால்வின் சார்பினர் இருந்திருக்கலாம். அது வேறு கேள்வி. ஜெனீவாவின் வாசகம் ஆபகூக்கோடு ஒத்துப்போகிறது என்று அவர்கள் எண்ணியிருக்கலாம் என்ற எளிய விளக்கம் கையில் இருக்கும்போது சதியைத் தேட வேண்டியதில்லை.

கொள்கைக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை என்று சொன்னால் அதுவும் தவறாகும். அந்தச் சொல்லைக் கொள்கை பெற்றெடுக்கவில்லை. பிறந்தபின் அதற்கு நீண்ட ஆயுளைக் கொடுத்தது. டச்சு சீர்திருத்தச் சபையின் டார்ட் பேரவை 1618–19இல் நிலைநிற்றலைத் தன் ஐந்தாம் தலைப்பாக்கி உறுதிசெய்தது. அதே பேரவை பணித்து 1637இல் வெளிவந்த டச்சு வேதாகமத்திலும் 'எவனாவது' நின்றது. இங்கிலாந்தில் 1651இல் ஜான் குட்வின் நிலைநிற்றலைத் தாக்கி எழுத, 1654இல் ஜான் ஓவன் பெருநூலாகவே பதிலளித்தார். இப்படி வாதம் சூடேறிய பிறகு அந்தச் சொல்லைத் தொடுவது ஒரு தரப்புக்குத் தோல்வியாகவும் மறுதரப்புக்கு வெற்றியாகவும் மாறியது. 1881ஆம் ஆண்டின் ஆங்கிலத் திருத்தப் பதிப்புதான் 'அவன்' என்பதை மீட்டது. 2001இல் வெளிவந்த, கால்வின் வழியினர் பெரிதும் விரும்பிக் கையாளும் ஆங்கிலத் தர வேதாகமமும் 'என் நீதிமான்' என்றும் 'அவன்' என்றுமே எழுதுகிறது. அதனால் அவர்களுடைய கோட்பாடு இடிந்துவிடவில்லை. பின்வாங்கிக் கெட்டுப்போகிறவர்கள் நாமல்ல என்று சொல்லும் அடுத்த வசனத்தின்மேல் அவர்கள் ஊன்றி நிற்கிறார்கள். இந்த வசனம் அவர்களுடைய கோட்பாட்டை அழிக்கும் என்று கிளார்க் சொன்னதும் இதனால் மிகையாகிறது.

தமிழ்ச் சபைகளில் நெடுங்காலமாக வழங்கும், ஹென்றி பவர் முன்னின்று உருவாக்கிய 19ஆம் நூற்றாண்டு மொழிபெயர்ப்பு, ஜேம்ஸ் மன்னர் வேதாகமம் கோலோச்சிய காலத்தில் பிறந்தது. அதில் 'எவனாவது' இல்லை. முதற்பகுதியில் நீதிமானைச் சொல்லிவிட்டு, 'பின்வாங்கிப்போவானானால்' என்று தனி எழுவாய் இன்றியே தொடர்கிறது. வினையின் ஆண்பால் விகுதி வாசகரை நேரே நீதிமானிடம் கொண்டுபோகிறது. அக்குழு கொள்கையை எண்ணி இப்படிச் செய்ததா, தமிழ் வாக்கிய மரபு தானாக இட்டுச்சென்றதா என்பதை வசனத்தை மட்டும் வைத்துத் தீர்மானிக்க இயலாது. பார்லோவின் குழுவுக்குக் காட்டிய பொறுமையை இங்கேயும் காட்டி, உள்நோக்கத்தைப் பற்றிய தீர்ப்பை இக்கட்டுரை நிறுத்திவைக்கிறது.