முருகைக்கல்லுக்கும் பசிக்கும்: கடல் தொட்டியில் உணவூட்டும் முறைகள்

கடந்த மாதம் ஊரிலிருந்து தங்கையின் மகன் தொலைபேசியில் கேட்டான். "மாமா, எங்கட கரையில முருகைக்கல் உயிரோட கிடக்கு. ரெண்டு துண்டு உடைச்சு மீன் தொட்டிக்குள்ள வைச்சா வளருமோ? அதுக்கு என்ன சாப்பாடு போடுறது?"

ஸ்காபரோவில் என் வீட்டில் 250 லீற்றர் கடல் தொட்டி ஒன்று பல ஆண்டுகளாக இருக்கிறது. அதைப் படத்தில் பார்த்துத்தான் அவனுக்கு இந்த ஆசை வந்தது. இரண்டாவது கேள்விக்குப் பதில் சொன்னால் முதற் கேள்விக்கும் பதில் கிடைத்துவிடும். அவனைப்போல் கேட்கும் மற்றவர்களுக்காகவும் இங்கே எழுதுகிறேன்.

முருகைக்கல் எதைத் தின்கிறது?

நாம் கல் என்று சொல்வது உண்மையில் விலங்குகளின் கூட்டம். ஒவ்வொரு சிறு குழிக்குள்ளும் ஒரு பொலிப்பு இருக்கிறது. அதற்கு ஒரு வாயும், அதைச் சுற்றிக் கொட்டும் கலங்கள் கொண்ட உணர்கொம்புகளும் உண்டு. பெரும்பாலான இனங்களின் தசைக்குள் நுண்ணிய அல்காக்கள் குடியிருக்கின்றன. அவை சூரிய ஒளியில் சீனியைத் தயாரித்து, முருகையின் சக்தித் தேவையில் பெரும்பகுதியைக் கொடுக்கின்றன. ஆனால் சீனியால் மட்டும் உடல் வளராது. அதற்கு வேண்டிய நைதரசனையும் பொசுபரசையும் முருகை தானே இரை பிடித்தும், நீரிலிருந்து உறிஞ்சியும் பெறவேண்டும். இரவில் அது கொம்புகளை விரிப்பது இதற்காகத்தான்.

எனவே முதல் உணவு வெளிச்சம். பொருத்தமான விளக்கு இல்லாத தொட்டியில் எந்த உணவைப் போட்டும் பயனில்லை.

இனத்துக்கு ஏற்ற உணவு

உணவைத் தெரிவுசெய்யும்போது பார்க்கவேண்டியது வாயின் அளவு. என் அனுபவத்தில் நான்கு வகையாகப் பிரிக்கலாம்.

பெரிய பொலிப்பு உள்ளவை: யூபிலியா, லோபோபிலியா, டங்கன் போன்றவை. இவை மைசிஸ் எனப்படும் சிறு இறாலையும், பொடியாக வெட்டிய இறால், மீன் சதையையும் விழுங்கும். கிழமைக்கு ஒன்று அல்லது இரண்டு தடவை போதும்.

சிறு பொலிப்பு உள்ளவை: அக்ரோபோரா, மொண்டிபோரா. வாய் மிகச் சிறியது. ரொட்டிபர், கொப்பிபொட், புதிதாகப் பொரித்த ஆர்ட்டீமியா, நுண்தூள் உணவு ஆகியவை பொருந்தும். தொட்டியில் மீன்கள் நன்றாக உண்டு வாழ்ந்தால் அவற்றின் கழிவிலிருந்தே இவை பெரும்பகுதியைப் பெற்றுக்கொள்ளும்.

மென்முருகைகள்: சாகோபைற்றன், சீனியா போன்றவை. ஒளியாலும் நீரில் கரைந்த போசணையாலும் வாழ்பவை. தனியாக ஊட்டத் தேவையில்லை. புதிதாகத் தொடங்குபவர்களுக்கு இவையே நல்லவை.

அல்கா இல்லாதவை: செம்மஞ்சள் நிறமான டுபஸ்ட்ரியா. பாறையின் நிழலில் வாழும் இதற்கு ஒளியிலிருந்து உணவு கிடையாது. ஒவ்வொரு பொலிப்புக்கும் கிழமைக்கு இரண்டு, மூன்று தடவை கையால் ஊட்டவேண்டும். நேரம் இல்லாதவர்கள் இதை வாங்கக்கூடாது.

பச்சை நிறப் பிளாந்தன் திரவத்தை எல்லா முருகைக்கும் உணவென்று விற்பார்கள். கல் முருகைகள் பெரும்பாலும் விலங்குப் பிளாந்தனையே விரும்பும். அந்தத் திரவம் கொப்பிபொட்களுக்கும் சிப்பிகளுக்கும் சில மென்முருகைகளுக்குமே கூடுதலாக உதவும்.

ஆர்ட்டீமியாவை வீட்டிலேயே பொரிக்கலாம். உப்பளம் போன்ற கடும் உப்பு நீரில் வாழும் சிறு உயிரி இது. உலர்ந்த முட்டைகளை உப்பு நீரில் இட்டு, ஏறத்தாழ 28 பாகை வெப்பத்தில், வெளிச்சத்துடன் காற்றுக் குமிழி விட்டால் 24 மணித்தியாலம் அளவில் பொரிக்கும். ஒரு பக்கத்தில் விளக்கை வைத்தால் குஞ்சுகள் அங்கே கூடும். கோதைத் தவிர்த்து அவற்றை மட்டும் உறிஞ்சி எடுத்து, நல்ல நீரில் அலசிக் கொடுக்கலாம். பொரித்த சில மணித்தியாலங்களுக்குள் கொடுப்பது முக்கியம். பிந்தினால் உடலில் உள்ள மஞ்சட்கரு கரைந்து சத்துக் குறைந்துவிடும்.

ஊட்டும் முறை

உறைந்த உணவை ஒரு கோப்பையில் தொட்டி நீர் விட்டு இளகவையுங்கள். அந்த நீரை வடித்துக் கொட்டிவிடுங்கள். அதில் பொசுபேற்று அதிகம். மாலையில் விளக்கு மங்கும்போது முதலில் சில துளி உணவுச் சாற்றை நீரில் விடுங்கள். மணம் பட்டதும் கொம்புகள் விரியத் தொடங்கும். பத்து, பதினைந்து நிமிடம் கழித்து நீரோட்டப் பம்பிகளை நிறுத்தி, நீண்ட குழாய் உள்ள பைப்பெற்றால் உணவைக் கொம்புகளின் மேல் மெதுவாக விழவிடுங்கள். பீய்ச்சி அடித்தால் பொலிப்பு மூடிக்கொள்ளும். 15, 20 நிமிடத்தில் பம்பிகளை மறக்காமல் இயக்கவேண்டும்.

தொட்டியில் உள்ள இறால்கள் முருகையின் வாய்க்குள் இருந்தே உணவைப் பறித்துவிடும். பிளாஸ்ரிக் போத்தலின் மேற்பகுதியை வெட்டி முருகையின் மேல் கவிழ்த்து, வாய்த்துளையால் உணவு விட்டால் இந்தத் தொல்லை இல்லை. துண்டு பெரிதாக இருந்தால் சில மணித்தியாலத்துக்குப் பின் முருகை அதைத் துப்பிவிடும். அது அழுகி நீரைக் கெடுக்கும்.

நுண்தூளை நீர் முழுவதும் தூவுவது இன்னொரு முறை. சிறு பொலிப்பு இனங்களுக்கு அதுவே வசதி. ஆனால் கை மிக அளவாக இருக்கவேண்டும்.

என் கை செய்த பிழை

முதல் ஆண்டில் நான் வாங்கிய பெரிய பொலிப்பு முருகைகள் மூன்றும் இறந்தன. காரணம் பட்டினி இல்லை, நான் போட்ட உணவு. ஒவ்வொரு இரவும் கொம்பு விரிவதைக் கண்டு, பசிக்கிறது என்று நினைத்துப் போட்டுக்கொண்டே இருந்தேன். மிஞ்சியது அழுகி, பாசி படர்ந்து, ஒரு காலையில் தொட்டி மணத்தது. பசியை அறிந்தவனின் கை தாராளமாகத்தான் போகும். தொட்டிக்கு அது நஞ்சு.

பின்னர் ஒரு கடையின் மூலையில் டுபஸ்ட்ரியா ஒன்று தசை வற்றி எலும்பு தெரியக் கிடந்தது. வாங்கி வந்தேன். முதற் கிழமை சாறு மட்டும். பிறகு திறந்த பொலிப்புக்கு மட்டும் ஆர்ட்டீமியாக் குஞ்சுகள். பட்டினி கிடந்த உடலுக்கு ஒரேயடியாகக் கொடுக்கக்கூடாது என்று எங்கள் சனத்துக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. 2009 இல் முகாமுக்கு வந்த முதல் நாட்களில் சோற்றுப் பொதியை வயிறு ஏற்காமல் தங்கை பட்ட பாட்டை அவள் சொல்லக் கேட்டிருக்கிறேன். இரண்டு மாதத்தில் எல்லாப் பொலிப்புகளும் திறந்தன.

இன்று நான் அளவைக் கண்ணால் தீர்மானிப்பதில்லை, சோதனையால் தீர்மானிக்கிறேன். நைத்திரேற்று 2 முதல் 10 பிபிஎம், பொசுபேற்று 0.03 முதல் 0.1 பிபிஎம் வரை இருக்கப் பார்த்துக்கொள்கிறேன். கூடினால் உணவைக் குறைத்து நீரை மாற்றுவேன். இரண்டும் பூச்சியமாக இருந்தாலும் நல்லதல்ல. முருகை வெளிறிப் பட்டினி கிடக்கும்.

கடலில் இருப்பது கடலிலேயே இருக்கட்டும்

மருமகனுக்குச் சொன்ன பதில் இதுதான். கரையில் உடைக்கும் துண்டுக்கு இந்த ஒளியும் நீரும் உணவும் சாதாரண மீன் தொட்டியில் கிடைக்காது. சில நாளில் அது வெறுங் கல்லாகிவிடும். இலங்கையில் கல் முருகைகள் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்டவை, உடைப்பது குற்றம். என் தொட்டியில் இருப்பவை பண்ணையில் வெட்டி வளர்த்த துண்டுகள்.

எங்கள் கடலின் முருகைகள் 1998 இலும் 2016 இலும் கடல் சூடேறி வெளிறின. வெளிறுவது என்றால் உள்ளிருந்த அல்காக்கள் போய்விடுவது, அதாவது பட்டினி. ஹவாயில் நடந்த ஆய்வில், வெளிறிய மொண்டிபோரா இனம் ஒன்று இரை பிடிப்பதைப் பன்மடங்கு கூட்டித் தன்னைக் காத்துக்கொண்டது. எல்லா இனங்களாலும் அது முடியாது. பிழைத்து நிற்பதை நாங்கள் உடைக்காமல் விடுவதே உதவி.

1990 இல் மயிலிட்டியை விட்டு ஓடியபோது நான் சிறுவன். 2017 இல் துறைமுகப் பகுதி விடுவிக்கப்பட்ட பின் போய்ப் பார்த்தேன். எங்கள் வீடு இல்லை. முருகைக்கல் மதிலின் அடி வரிசை மட்டும் கிடந்தது. குனிந்து பார்த்தேன், ஒவ்வொரு கல்லிலும் பொலிப்பு இருந்த குழிகள் தெரிந்தன. சின்ன வயதில் அந்த மதிலில் ஏறி விளையாடியபோது அவை என்னவென்று எனக்குத் தெரியாது.

மருமகனிடம் கண்ணாடி ஒன்று வாங்கி, நீந்திப் போய்ப் பார்க்கச் சொன்னேன். தொட்டிக்கு முதலில் மீன் வளர்க்கட்டும். ஆர்ட்டீமியா முட்டை நான் அனுப்புகிறேன்.