கென்ய வனவிலங்குச் சேவையின் தோற்றம்

கென்ய வனவிலங்குச் சேவை என்பது கிழக்கு ஆப்பிரிக்க நாடான கென்யாவின் தேசியப் பூங்காக்களையும் வனவிலங்குகளையும் காக்கும் அரசு நிறுவனம் ஆகும். 1990 சனவரியில் இது செயல்படத் தொடங்கியது. அந்நாட்டில் யானைகள் கொன்று குவிக்கப்பட்ட கதை பலரும் அறிந்ததே. அதைத் தடுக்க வேண்டிய துறை எப்படிச் சீர்கெட்டது என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

1976 வரை அங்கே இரண்டு அமைப்புகள் இருந்தன. பூங்காக்களை அறங்காவலர் குழு ஒன்று நடத்தியது. வெளியே திரியும் விலங்குகளை அரசுத் துறை ஒன்று கவனித்தது. அவ்வாண்டு இரண்டும் இணைக்கப்பட்டு, அமைச்சகத்தின் கீழ் ஒரே துறையாயின. காகிதத்தில் இது நல்ல ஏற்பாடுதான். ஆனால், பூங்காக்கள் தம் தன்னாட்சியை இழந்தன. நுழைவுக் கட்டணம் கருவூலத்துக்குப் போயிற்று. செலவுக்குத் திரும்பி வந்ததோ சொற்பம். வண்டிகள் பழுதாகி நின்றன. இயந்திரத் துப்பாக்கி ஏந்திய கும்பல்களைக் காவலர்கள் பழைய துப்பாக்கிகளுடன் எதிர்கொண்டனர். துறையினர் சிலரே தந்தக் கடத்தலுக்குத் துணைபோவதாகவும் குற்றச்சாட்டு எழுந்தது. 1977-லேயே வேட்டை தடை செய்யப்பட்டிருந்தும் பயனில்லை. 1973-இல் ஏறத்தாழ 1,67,000 என மதிப்பிடப்பட்ட யானைகள், 1989-இல் 20,000-க்கும் கீழே குறைந்தன.

1989 ஏப்ரலில் குடியரசுத் தலைவர் டேனியல் அராப் மோய், தொல்மானிடவியல் அறிஞர் ரிச்சர்ட் லீக்கியைத் துறைத் தலைவராக்கினார். சூலை 18 அன்று 12 டன் தந்தம் எரிக்கப்பட்ட காட்சியை உலகமே பார்த்தது. அதைவிட முக்கியமான மாற்றத்துக்குப் படம் எடுக்க ஆளில்லை. துறை கலைக்கப்பட்டு, இயக்குநர் குழுவின் கீழ் இயங்கும் அரசு நிறுவனமானது. வாயில் வருவாயைத் தானே வைத்துக்கொள்ளவும், ஆட்களைத் தானே தேர்ந்தெடுக்கவும் அதற்கு உரிமை கிடைத்தது. ஊழலில் சிக்கியவர்களும் வேலையின்றி இருந்தவர்களும் பெருமளவில் நீக்கப்பட்டனர். எஞ்சியோருக்குச் சம்பளமும் பயிற்சியும் உயர்ந்தன. நல்ல ஆயுதங்களும் வண்டிகளும் வந்தன. 1976-இல் பறிபோன தன்னாட்சியே இவ்வாறு வேறு பெயரில் திரும்பியது எனலாம்.

இதற்கு எதிர்ப்பும் இருந்தது. பணமும் படையும் உள்ள நிறுவனம் தம் சொல்லுக்கு அடங்காதது அரசியல்வாதிகளுக்குப் பிடிக்கவில்லை. பூங்காவை ஒட்டி வாழ்ந்த மேய்ச்சல் மக்களின் குறை வேறு: வருவாயில் தருவதாகச் சொன்ன பங்கு தங்களுக்கு ஒழுங்காக வந்து சேரவில்லை என்றனர். அது நியாயமான குறைதான். லீக்கி 1994-இல் பதவி விலகினார். அடுத்து வந்த டேவிட் வெஸ்டர்ன் உள்ளூர் மக்களின் பங்கேற்புக்கு முதலிடம் கொடுத்தார்.

2021 கணக்கெடுப்பில் கென்யாவில் 36,280 யானைகள் இருந்தன.